பிளஸ் ஒன் மாணவி கோடையில் நகராட்சியிலோ அரசுப் பேருந்துக் கழகத்திலோ பயிற்சி பெறலாமா?

கிருஷ்ணகிரியில் பிளஸ் ஒன் முடித்த மகளுக்கு இவ்விரண்டில் எது ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். பேருந்துக் கழகத்தின் பணிமனையை விட்டுவிடுங்கள், 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 14 வயதிலேயே பழகுநராக அனுமதித்தாலும், அபாயகரமான தொழில்களுக்கு 18 வயதைக் கேட்கிறது.

நகராட்சி ஆணையருக்குத் தலைமையாசிரியரின் கடிதத்துடன் விண்ணப்பிக்கலாம். ஆனால் ‘பயிற்சி வேண்டும்’ என்று பொதுவாக எழுதாமல், செய்யவிருக்கும் வேலையையே குறிப்பிட வேண்டும்: பேருந்து நிலையத்தில் ஒரு வாரம் நின்று, எந்த நகரப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, 2021 முதல் கட்டணமின்றிப் பயணிக்கும் பெண்கள் எந்நேரத்தில் அதிகம் காத்திருக்கிறார்கள் என்று குறித்து, அதைக் கழகத்தின் தர்மபுரி மண்டல அலுவலகத்துக்கும் அளிப்பதாக எழுதலாம். (சான்றிதழைவிட அந்தக் குறிப்பேடே மதிப்புமிக்கது என்பேன்.)

மே 1 அன்று பக்கத்து ஊராட்சியின் கிராம சபைக்கும் அழைத்துச் செல்லுங்கள்; அதற்கு விண்ணப்பம் எதுவும் தேவையில்லை.