ஸ்விட்ச் போட்டால் எது முதலில் எழும்பும்? – வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஒரு பெட்டிக்குள் விண்டோஸும் லினக்ஸும் இருக்கின்றன, ஒன் பண்ணினால் வேண்டாதது எழும்புகிறது. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு இலவச அப்டேட் நின்ற பிறகு, பழைய லப்டொப்களில் பக்கத்திலேயே உபுண்டு, மிண்ட் என்று ஏதோவொரு லினக்ஸைப் போட்டவர்கள் கூடிவிட்டார்கள் போல. நல்லது. ஆனால் எதைத் தொடுவதற்கு முன்னும் முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் கொப்பி எடுத்து வையுங்கள். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

காத்தான்குடியிலிருந்து ஒரு கடைக்காரர்: தம்பி உபுண்டு போட்டுத் தந்துவிட்டு கட்டாருக்குப் போய்விட்டான். பில் போடும் சொஃப்ட்வெயர் விண்டோஸில்தான் ஓடும். கடைப் பையன் தேத்தண்ணி எடுக்கப் போனால் பத்து செக்கனில் உபுண்டு வந்து நிற்கிறது. என்ன செய்ய?

நானா, கிரப்பில் (எதை எழுப்புவது என்று மெனு காட்டும் லினக்ஸின் புரோகிராம்) கையே வைக்காதீர்கள். ஒன் பண்ணியதும் எஃப்2 அல்லது டெல் தட்டி பயோஸுக்குள் (போர்டிலேயே இருக்கும் செட்டிங்ஸ் திரை) போய், பூட் ஓடரில் (எழும்பும் வரிசை) 'விண்டோஸ் பூட் மெனேஜர்' என்பதை உபுண்டுவுக்கு மேலே தூக்கிச் சேவ் பண்ணுங்கள். அவ்வளவுதான். பில் போடுபவருக்கு மெனுவே கண்ணில் படாது. தம்பி லீவில் வந்தால் எஃப்12 தட்டி உபுண்டுவுக்குள் போகட்டும், அவருக்கு அது தெரியும். (சில கம்பனிப் பெட்டிகளில் எஃப்9, சிலதில் எஸ்கேப். ஸ்விட்ச் போட்டதும் திரையின் அடியில் ஒரு வரி வந்து மறையும், அதை வாசியுங்கள்.) ஒரு எச்சரிக்கை: பிட்லொக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால், பூட் ஓடரை மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதை முதலிலேயே கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே கணினிக்குள் ஃபைலாக வைப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற வேலை.

வந்தாறுமூலையிலிருந்து கம்பஸ் மாணவி: விண்டோஸ் அப்டேட் ஆனபின் மெனு வரவில்லை, நேரே விண்டோஸ். உபுண்டு அழிந்துவிட்டதா?

அழியவில்லை. விண்டோஸ் தன்னை முதலாம் இடத்தில் போட்டுக்கொண்டது, அவ்வளவுதான். மேலே சொன்ன அதே பூட் ஓடரில் உபுண்டுவை மேலே ஏற்றுங்கள். அந்தப் பட்டியலில் உபுண்டு என்ற பெயரே இல்லை என்றால்தான் லைவ் பென்ட்ரைவ் (நிறுவாமலே உபுண்டு ஓடும் பென்ட்ரைவ்) போட்டு கிரப்பைத் திரும்ப நிறுவ வேண்டும். பெயர் இருந்தும் செக்கியூர் பூட் (நம்பகமானதை மட்டும் எழும்ப விடும் பாதுகாப்பு) பிழை சொல்லி நின்றால் அது வேறு கதை. 2024 ஓகஸ்ட்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பலருக்கு அப்படிச் செய்தது. எந்தக் கட்டத்திலும் ரிப்பெயார் கடையில் 'ஃபோர்மெட் அடிச்சுத் தாறம்' என்றால் லப்டொப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். உங்கள் தீசிஸ் அதற்குள்தானே இருக்கிறது.

ஏறாவூர் வாசகர்: படம் அனுப்பியிருக்கிறேன், வேலை செய்யவில்லை, உதவவும்.

படத்தில் உங்கள் பெருவிரலும் அரைவாசித் திரையும் தெரிகின்றன. என்ன லினக்ஸ், என்ன பதிப்பு, எதைச் செய்தபின் இப்படி ஆனது? மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

சம்மாந்துறையிலிருந்து: விண்டோஸ் டிஃபோல்ட்டாக வர கிரப்பில் 2 என்று போட்டிருந்தேன், ஒரு வருஷம் நன்றாக ஓடியது. உபுண்டு 22.04இலிருந்து 24.04க்கு மாறினேன். இப்போது காலையில் ஒன் பண்ணினால் நீலத் திரையில் எண்களாக ஓடுகிறது, முடிவதே இல்லை. வைரஸா?

வைரஸ் இல்லை. மெமரி டெஸ்ட் என்ற புரோகிராம் உங்கள் ரெம்மைச் சோதித்துக்கொண்டிருக்கிறது, பாவம், நீங்கள்தான் தினமும் காலையில் அதை எழுப்பி வேலை வாங்குகிறீர்கள்.

இந்த இலக்க விளையாட்டைப் பற்றி நான் எத்தனை தரம் சொல்லிவிட்டேன்! கிரப் பூச்சியத்திலிருந்து எண்ணும். உங்கள் பழைய மெனுவில் உபுண்டு 0, அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் 1, விண்டோஸ் 2. புதிய பதிப்பில் யூஇஎஃப்ஐ (புது வகை பயோஸ்) பெட்டிகளிலும் மெமரி டெஸ்ட் வேலை செய்கிறது என்பதால் அதற்கு இரண்டு வரி நடுவில் புகுந்தது, விண்டோஸ் 4க்கு இறங்கிவிட்டது. கிரப்புக்கு உங்கள் விண்டோஸைத் தெரியாது, மூன்றாவது வரியைத்தான் தெரியும். பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் இருக்கிறவர்தான் மாமா என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால், மாமா சீட் மாறிய அன்று பிள்ளை யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்.

நானும் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. கல்லடியில் ஒரு பெரியப்பாவின் கணினியில் இப்படித்தான் 2 போட்டுக் கொடுத்தேன். பிறகு அவருடைய மகன் இரண்டாவது லினக்ஸ் ஒன்றை நிறுவ, வரிகள் எல்லாம் இடம் மாறின. இரவு பத்து மணிக்குக் கோல். பாலத்தைக் கடந்து போய்ப் பார்த்தால் மனிசன் கறுப்புத் திரைக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இருக்கிறார், கீபோர்டுக்குப் பக்கத்தில் பென்ஷன் காகிதங்கள். அன்றோடு இலக்கம் போடுவதை விட்டேன்.

லினக்ஸில் இடிசி ஃபோல்டருக்குள் டிஃபோல்ட், அதற்குள் கிரப் என்ற ஃபைலைத் திறந்து, 'கிரப் டிஃபோல்ட்' வரியில் இலக்கத்துக்குப் பதில் 'சேவ்ட்' என்று எழுதுங்கள். அடுத்த வரியில் 'கிரப் சேவ்டிஃபோல்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். டெர்மினலில் சுடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டு அப்டேட்-கிரப் ஓட விடுங்கள். இனிக் கடைசியாக எதைத் தெரிவு செய்தீர்களோ அதுவே அடுத்த முறை எழும்பும், வரி எங்கே போனாலும் பெயரைப் பிடித்துக்கொண்டு போகும். எப்போதும் விண்டோஸ்தான் வேண்டும் என்றால் மெனுவில் இருக்கும் முழுப் பெயரையும், அடைப்புக்குறிக்குள் உள்ள பார்ட்டிஷன் பெயர் உட்பட, எழுத்துப் பிசகாமல் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். கையால் அடிக்காதீர்கள், கொப்பி பண்ணி ஒட்டுங்கள். இவ்வளவு சொல்லியும் பாதிப் பேர் அப்டேட்-கிரப்பை ஓட விடாமல் ரீஸ்டார்ட் பண்ணிவிட்டு 'மாறவில்லை' என்று எழுதுவீர்கள். எனக்குத் தெரியும்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை: மகன் ஏ/எல் ஐசிடி படிக்கிறான், அவனுக்கு லினக்ஸ் வேண்டும். எனக்கு வினாத்தாள் அடிக்க விண்டோஸ், பாமினி எழுத்துரு. யாருடையதை டிஃபோல்ட் ஆக்குவது?

உங்களுடையதை, டீச்சர். மெனுவைப் பார்த்து அம்புக்குறி தட்டத் தெரிந்தவர் மகன், அவர் தட்டட்டும். பாமினியை லினக்ஸிலும் நிறுவலாம், ஆனால் பழக்கப்பட்ட கீபோர்டை விட்டுவிட்டு நடுத் தவணையில் மாற வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து: லினக்ஸ் போய்த் திரும்பினால் விண்டோஸில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. பெட்டரி மாற்றியும் சரிவரவில்லை.

பெட்டரிக்காசு வீண். நமது நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுங்கள். பிறகு டைம்டேட்சிடிஎல் என்று மட்டும் கொடுத்துப் பார்த்தால் அது ஒரு முணுமுணுப்புப் போடும், பொருட்படுத்த வேண்டாம்.

வாழைச்சேனையிலிருந்து: எம்எஸ்கொன்ஃபிக்கில் (விண்டோஸின் செட்டிங்ஸ் கருவி) பூட் பகுதியில் விண்டோஸ் மட்டும்தான் இருக்கிறது, உபுண்டுவைக் காணோம்.

இருக்காது. அது விண்டோஸ்களுக்குள் மட்டும் தெரிவு செய்யும் இடம். பயோஸ் ஒன்று, கிரப் ஒன்று, விண்டோஸ் ஒன்று என்று மூன்று இடத்தில் மூன்று டிஃபோல்ட் இருக்கிறது. எதை மாற்றுகிறீர்கள் என்று பார்த்து மாற்றுங்கள்.

நிந்தவூரிலிருந்து: லினக்ஸில் இருந்து டி டிரைவில் எதுவும் சேவ் ஆகவில்லை, வாசிக்க மட்டும் முடிகிறது.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள், பவர் ஒப்ஷன்ஸில் இருக்கிறது. அது ஓடும் வரை நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். டிஸ்க்கையும் பிடித்துக்கொண்டே தூங்கும். லினக்ஸ் மரியாதையாக எட்டி நின்று வாசிக்கிறது. வற்புறுத்தி எழுத வைக்கும் கட்டளைகளை யாராவது சொல்லித் தந்தால் செய்யாதீர்கள், ஃபைல் கெட்டுப்போகும். கொப்பி எடுத்தீர்களா?

திருக்கோவிலிலிருந்து: உபுண்டு போட்டேன், கிரப் மெனுவில் விண்டோஸே இல்லை.

சம்மாந்துறைக்காரருக்குச் சொன்ன அதே கிரப் ஃபைலில் 'டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்' வரியை 'ஃபோல்ஸ்' ஆக்கி அப்டேட்-கிரப். கிரப் 2.06இலிருந்து அது மற்ற சிஸ்டங்களைத் தானாகத் தேடுவதில்லை.

செங்கலடியிலிருந்து: மெனு நிற்கும் நேரத்தைப் பூச்சியம் ஆக்கலாமா? சில நாளில் மட்டும் ஏன் அரை நிமிஷம் நிற்கிறது?

ஆக்காதீர்கள். ஐந்து செக்கன் போதும். பூச்சியம் போட்டுவிட்டு மற்றதற்குள் போக முடியவில்லை என்று அடுத்த மாதம் நீங்களே எழுதுவீர்கள். அரை நிமிஷம் நிற்பது, போன தரம் எழும்பிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருந்தால். பாதியில் விழுந்ததை உபுண்டு நினைவில் வைத்து, அடுத்த முறை 30 செக்கன் உங்களுக்காகக் காத்திருக்கும். ஒரு தரம் ஒழுங்காக எழும்பினால் பழையபடி ஆகிவிடும். மழைக்காலம் வருகிறது, ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள்.