சீன மோனாலைத் தேடி சிச்சுவான் மலைக்கு: வண்டியை நாமே ஓட்டலாமா?

கேள்வி: நண்பர்கள் மூவர் ஆகஸ்டில் பத்து நாள் சீனாவின் சிச்சுவான் மலைகளுக்குப் பறவை பார்க்கப் போகிறோம். செங்டுவில் கார் எடுத்து நாங்களே ஓட்டுவதாகத் திட்டம். வோலாங், பாலாங் கணவாய், ருவோர்காய் புல்வெளி, எமெய் மலை எல்லாம் முடித்து, யுன்னானுக்கும் ஒரு எட்டு போய்வர முடியுமா? உத்தராகண்டின் முன்சியாரியில் இமாலய மோனால் என்ற காட்டுக்கோழி வகையைப் பார்த்திருக்கிறோம். இந்த முறை சீன மோனாலைப் பார்த்தே ஆக வேண்டும். எங்கள் ஊர் கோவை.

பதில்: முதலில் காரை முடித்துவிடுவோம். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருந்தாலும் சீனாவில் வண்டி ஓட்ட முடியாது. அந்த அனுமதியைச் சீனா ஏற்பதில்லை. உள்ளூர்ப் போக்குவரத்துப் போலீஸிடம் தற்காலிக லைசென்ஸ் வாங்க வழி இருக்கிறது. ஆனால் பத்து நாள் பயணத்தில் அந்த அலைச்சல் எதற்கு? டிரைவரோடு வண்டி பேசிக்கொள்ளுங்கள். மலைச்சாலையில் ஓட்டுகிறவருக்குக் கண் சாலையில்தான் இருக்க வேண்டும். வேறொருவர் ஓட்டினால்தான் நீங்கள் மூவரும் சரிவைப் பார்க்கலாம்.

டிரைவரிடம் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பேசி, எழுத்திலும் வாங்கிவிடுங்கள். ஒன்று, விடியுமுன்பே கிளம்ப வேண்டும். சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம்தான் என்பதால் ஜூன் தொடக்கத்தில் (ஏன் ஜூன் என்பதைக் கீழே சொல்கிறேன்) இந்தப் பகுதியில் வெளிச்சம் வர ஐந்தரை ஆகிவிடும். நான்கரைக்கு வண்டி நகர்ந்தால் சரியாக இருக்கும். இரண்டு, பாலாங் மலையில் சுரங்கப்பாதை வேண்டாம், கணவாய்க்கு ஏறும் பழைய சாலையில்தான் போக வேண்டும். சொல்லாவிட்டால் எந்த டிரைவரும் சுரங்கத்துக்குள்தான் விடுவார், உங்கள் பறவை தலைக்கு மேலே இருக்கும். பனியாலோ மண்சரிவாலோ பழைய சாலை மூடியிருக்கிறதா என்பதை முதல் நாளே விசாரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது மாதம். ஆகஸ்ட் வேண்டாம். அது மழைக்காலம், மண் சரிந்து சாலை அடைபடும். கூடு கட்டும் பருவம் முடிந்து பறவைகளும் வாயடைத்திருக்கும். போதாக்குறைக்குச் சீனாவில் பள்ளி விடுமுறைக் கூட்டம். மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரத்துக்குள் போய்விடுங்கள். இந்தக் காட்டில் பாதிப் பறவை மூங்கில் புதருக்குள்தான் இருக்கும். கூவினால் மட்டுமே இருப்பது தெரியும்.

சரி, வழித்தடம். நீங்கள் ஊர்ப் பெயர்களை வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். நான் அதை உயரக் கணக்காக மாற்றச் சொல்வேன். செங்டு சுமார் 500 மீட்டர், பாலாங் கணவாய் ஏறக்குறைய 4,500 மீட்டர். இரண்டுக்கும் இடையே சில மணி நேரப் பயணம்தான். அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு படிக்கும் வேறு காடு, வேறு பறவை. ஒரு நாளில் கடந்துவிட்டால் எல்லாப் படிகளையும் நண்பகலில் பார்த்ததாக ஆகும், அதாவது எதையுமே பார்த்திருக்க மாட்டீர்கள். எமெய், யுன்னான் இரண்டையும் அடித்துவிடுங்கள்.

வோலாங்கில் இரண்டு இரவு தங்குங்கள். சுமார் 2,000 மீட்டர் உயரம், பாண்டா காப்பகம். காலையில் சாலையோரம் தங்க ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வெளியே வரும். அதே குடும்பத்தைச் சேர்ந்த டெமிங்க் டிராகோபன் இன்னும் மேலே, ஈரமான காட்டில். இந்த இரண்டு இரவும் உங்கள் உடம்புக்கும் தேவை. நீங்கள் அறிந்த ஊட்டியே 2,240 மீட்டர்தான். அடுத்துத் தங்கப்போகும் ரிலோங் ஊர் 3,200 மீட்டர். சிகுனியாங் மலையின் அடிவாரம் அது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், படுக்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவான விதி. உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா அலர்ஜி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். யாருக்காவது நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அப்போதே கீழே இறங்குங்கள். மோனாலுக்காக அரை மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

ரிலோங்கில் மூன்று இரவு. இதில் கைவைக்காதீர்கள், உங்கள் பயணமே இதற்குத்தான். தினமும் இருட்டில் கிளம்பி கணவாய்ச் சாலையில் ஏறுங்கள். மரங்கள் முடிந்து புல்லும் பாறையும் கலக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, காதைத் தீட்டுங்கள். முதல் வெளிச்சத்தில் பாறை விளிம்பிலிருந்து ஆண் மோனால் உரக்கச் சீழ்க்கை அடிக்கும். சத்தம் வந்த திசையில் புல்சரிவின் மேல் ஓரத்தை ஸ்கோப்பால் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். பெரும்பாலும் நின்ற இடத்திலேயே மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். பலமான அலகால் கிழங்குகளைத் தோண்டித் தின்னும் பறவை. இருமல் மருந்துக்காக மனிதர்கள் தோண்டி எடுக்கும் பெய்மு கிழங்கும் அதன் உணவில் உண்டு. கிழங்கெடுக்க ஆட்கள் சரிவேறும் காலத்தில் பறவைக்கு நிம்மதி கிடையாது. அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கும் பறவை இது. நீங்களும் சாலையை விட்டு ஏறித் துரத்தாதீர்கள்.

முன்சியாரியில் பார்த்ததற்கும் இதற்கும் வித்தியாசம் வாலில் தெரியும். இமாலய மோனாலுக்கு வால் செங்காவி நிறம், இதற்கு நீலப்பச்சை. கொண்டையும் கம்பிகளாக நிமிர்ந்து நிற்காது, ஊதா நிறத்தில் பின்னால் சாய்ந்திருக்கும். பறந்தால் முதுகின் வெள்ளை பளிச்சென்று தெரியும்.

மூடுபனி இறங்கினால் ஒரு காலை முழுக்க வீணாகலாம். மூன்று இரவு சொன்னதற்குக் காரணமே அதுதான். பனி விலகும்வரை கீழே இறங்காமல் அங்கேயே காத்திருங்கள். கணவாயின் உச்சியில் கிராண்டலா என்ற நீலநிறச் சிறு பறவைகளின் கூட்டமும், பாறைகளில் பனிக் கௌதாரியும் கிடைக்கக்கூடும்.

அங்கிருந்து வடக்கே ருவோர்காய்க்கு இரண்டு இரவு போதும். 3,400 மீட்டரில் சதுப்பும் புல்வெளியுமான இடம், கருங்கழுத்துக் கொக்குகள் குஞ்சு பொரிக்கும் பூமி. மேய்ப்பர் கூடாரங்களின் பக்கம் நடந்து போகாதீர்கள். அவர்களுடைய திபெத்திய நாய்கள் அந்நியரைப் பார்த்தால் பாய்ந்து வரும். கொக்கை வண்டியோரத்திலிருந்தே நிதானமாகப் பார்க்கலாம்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். இந்த வழிக்குத் திபெத் அனுமதிச்சீட்டு தேவையில்லை, சீன விசா போதும். ஆனால் வெளிநாட்டினரை எல்லாச் சிறு விடுதிகளும் ஏற்பதில்லை; வந்தவர் விவரத்தைப் போலீஸில் பதிய வேண்டும் என்பதால் பல இடங்களில் தயங்குவார்கள். ரிலோங், ருவோர்காய் இரண்டிலும் அறையை முன்பே உறுதி செய்யுங்கள். பணத்துக்கு அலிபே என்ற சீனக் கட்டணச் செயலியில் உங்கள் கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். கூகுள் மேப்பை நம்பாதீர்கள், அங்கே அது தள்ளித்தான் காட்டும். டிரைவர் கையில் இருக்கும் உள்ளூர் மேப்பே சரி. பறவைக் குரல் பதிவுகளையும் செங்டுவில் இறங்குமுன்பே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், உங்கள் காதைப் பழக்குவதற்காக மட்டும். கூடு கட்டும் காலத்தில் அவற்றைக் காட்டில் ஒலிக்கவிட்டால், ஆண் பறவை கூட்டை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும்.