ஃப்யூரி ஜெயித்தாரா, ஜெயிக்க வைத்தார்களா?

கேள்வி: 2023 அக்டோபரில் ரியாத்தில் உலக சாம்பியன் டைசன் ஃப்யூரி, குத்துச்சண்டையே தெரியாத பிரான்சிஸ் இங்கானுவிடம் அடிவாங்கி விழுந்தார். நடுவர்கள் தயவில் ஜெயித்தார். நாலைந்து மாதத்தில் அந்தோணி ஜோஷுவா அதே இங்கானுவை இரண்டே ரவுண்டில் மல்லாத்திவிட்டார். அப்படிப்பட்ட ஃப்யூரியை 'இந்தத் தலைமுறையின் முதல் ஹெவிவெயிட்' என்று உங்கள் பத்திரிகை எழுதியதே, கூச்சமாக இல்லையா? தொப்பைதான் காரணம் என்று சப்பைக்கட்டு கட்டாமல் பதில் சொல்லவும். (மதுரை வாசகர் ஒருவர்)

பதில்: தொப்பையிலிருந்தே தொடங்குகிறேன். சப்பைக்கட்டுக்குக்கூட அது உதவாது. ரியாத்தில் ஃப்யூரியின் எடை ஏறத்தாழ 126 கிலோ. 2021 அக்டோபரில் லாஸ் வேகஸில் டியான்டே வைல்டரோடு மூன்றாம் முறை மோதியபோதும் அவர் கிட்டத்தட்ட அதே எடைதான். அன்று நாலாவது ரவுண்டில் இரண்டு தடவை விழுந்து எழுந்து, பதினோராவது ரவுண்டில் வைல்டரைப் படுக்கவைத்தார். அன்று யாருக்கும் அந்தத் தொப்பை கண்ணில் படவில்லை. ஜெயித்தால் அது கம்பீரம், திணறினால் கொழுப்பு. நம் ரசிகர் குலத்தின் தராசு எப்போதுமே இப்படித்தான் ஆடும்.

அடுத்து, 'குத்துச்சண்டையே தெரியாத' என்கிறீர்கள். தொழில்முறைக் குத்துச்சண்டையில் இங்கானுவுக்கு அதுதான் முதல் சண்டை, அது உண்மை. ஆனால் கேமரூனில் பாட்டியே என்ற கிராமத்தில் சின்ன வயதில் மணல் குவாரியில் மண்வெட்டி பிடித்த அந்த ஆள், ஐரோப்பாவுக்கு ஓடிவந்து பாரிஸ் தெருவில் படுத்துக் கிடந்தபோது தேடிப் போனது குத்துச்சண்டைப் பயிற்சிக்குத்தான். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் சேர்ந்த கலப்புச் சண்டைக்குப் போனால் காசு வரும் என்று அங்கே ஒரு பயிற்சியாளர் திருப்பிவிட்டார். திரும்பியவர் 2021இல் கலப்புச் சண்டையின் பெரிய அமைப்பான யுஎஃப்சியின் ஹெவிவெயிட் பட்டத்தையே வாங்கினார். அதை விட்டு வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தன் பழைய ஆசைக்குத் திரும்பினார். அவருடைய பயிற்சி முகாமில் மைக் டைசனும் இருந்தார். வழிப்போக்கனைப் பிடித்து வந்து ரிங்குக்குள் தள்ளிவிட்டதுபோல நீங்கள் எழுதுவது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம்.

இந்த அநியாயத்தை நானும் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். சண்டைக்கு முந்தின வாரம் இதே பக்கத்தில் 'ஐந்து ரவுண்டு தாண்டாது' என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்தேன். மூன்றாவது ரவுண்டில் இங்கானு இடதுகையை வளைத்து வீசிய ஹூக் ஃப்யூரியின் தலையில் இறங்கி, இரண்டு மீட்டருக்கும் அதிக உயரமுள்ள அந்த உடம்பு தரையில் சரிந்தபோது என் காபி ஆறிப்போனது. அந்தக் குத்து பின்மண்டையில் பட்டது என்று ஃப்யூரி பிறகு சொன்னார். எங்கே பட்டிருந்தால் என்ன, விழுந்தது விழுந்ததுதான்.

இனி நடுவர்களின் தயவு. சந்தேகம் வருவது இயற்கை. இன்னொரு உலக சாம்பியனான உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கோடு மோத ஃப்யூரி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பெரிய சண்டையை நம்பிப் பணம் போட்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஃப்யூரி ஜெயிக்கவேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். இங்கானு ஜெயித்திருந்தாலும் உலகப் பட்டம் கை மாறியிருக்காது, அன்று அதைப் பணயம் வைக்கவில்லை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு நீங்கள் முகம் சுளித்தால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முகம் சுளித்தபிறகு கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும் அல்லவா?

பத்து ரவுண்டு. ஒரு ரவுண்டில் மேலோங்கியவருக்கு 10, மற்றவருக்கு 9. விழுந்தவருக்கு 8. மூன்றாவது ரவுண்டில் ஃப்யூரிக்கு 8 என்பதில் தகராறு இல்லை. மிச்சம் ஒன்பது. ஒரு நடுவர் ஃப்யூரிக்கு 96, இங்கானுவுக்கு 93 கொடுத்தார். இன்னொருவர் ஃப்யூரி பக்கம் 95க்கு 94. மூன்றாமவர் அதே 95க்கு 94ஐ இங்கானு பக்கம் கொடுத்தார். பின்னோக்கிக் கணக்குப் போட்டால், மிச்ச ஒன்பதில் முதல் நடுவர் ஃப்யூரிக்கு ஏழு ரவுண்டு கொடுத்திருக்கிறார், இரண்டாமவர் ஆறு, மூன்றாமவர் ஐந்து. நீங்கள் மோசடி என்கிற இடத்துக்கும் நியாயம் என்கிற இடத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ரவுண்டு. என் தாளில் இரண்டாமவரின் எண்தான் வந்தது. ஏழு என்பது தாராளம்தான். ஐந்து என்று ஒருவர் சொன்னால் அவரோடு சண்டைக்குப் போகமாட்டேன். நூலிழையில் நின்ற முடிவைக் கொள்ளை என்று சொல்லிவிட்டால், நாளை நிஜமாகவே கொள்ளை நடக்கும்போது சொல்ல வேறு வார்த்தை இருக்காது.

ஆக, ஜெயித்தது சரி. ஆடிய ஆட்டம் சரியா? இதைத்தான் நீங்கள் கேட்டிருக்கவேண்டும். என் கோபமும் இங்கேதான்.

விழுந்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. ஃப்யூரி விழுவது புதிதல்ல. 2013இல் நியூயார்க்கில் ஸ்டீவ் கன்னிங்ஹாம் இரண்டாவது ரவுண்டில் அவரைச் சாய்த்தார், ஏழாவதில் கன்னிங்ஹாம் தரையில் கிடந்தார். 2018இல் வைல்டர் பன்னிரண்டாவது ரவுண்டில் அவரைப் பிணம்போலக் கிடத்தினார். எழுந்து வந்து, மிச்ச நிமிடங்களில் வைல்டரையே பின்வாங்க வைத்தார். அடி வாங்கினால்தான் அவருக்குச் சூடு ஏறும். இன்னும் பின்னால் போனால், 1939இல் அன்றைய உலக சாம்பியன் ஜோ லூயியையே ஒருவர் மூன்றாவது ரவுண்டில் விழவைத்தார். நியூ ஜெர்சியில் மதுக்கடை நடத்திக்கொண்டிருந்த டோனி கேலன்டோ. லூயி எழுந்தார், நாலாவது ரவுண்டில் கேலன்டோவின் கதையை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஃப்யூரிக்கும் அதே மூன்றாவது ரவுண்டு. நாலாவதில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து, ஆறு என்று ரவுண்டுகள் போய்க்கொண்டே இருந்தன. குத்துகளை எண்ணுகிற கம்ப்யூபாக்ஸ் கணக்குப்படி பத்து ரவுண்டில் ஃப்யூரியின் குத்துகளில் சரியாகப் பட்டவை 71, இங்கானுவுடையவை 59. மூன்று நிமிட ரவுண்டுக்கு ஏழு குத்து! முன்கையை நேராக நீட்டி வைக்கிற ஜாப் ஒன்றை வைத்துக்கொண்டே 2015இல் ஜெர்மனிக்குப் போய் உலக சாம்பியன் விளாடிமிர் கிளிச்கோவின் ஒன்பது வருட ராஜ்ஜியத்தை முடித்தவர் இவர். அந்தக் கை அன்று ரியாத்தில் பாதி நீண்டது, மீதி யோசித்தது.

ஏன் யோசித்தது என்பதற்குத்தான் இங்கானுவைப் பார்க்கவேண்டும். நீங்கள் ஃப்யூரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஃப்யூரியின் பிழைப்பே பாவ்லா. தோளை அசைப்பார், இடுப்பை வளைப்பார், நாக்கை நீட்டுவார், வலதுகைக்காரர் திடீரென்று இடதுகைக்காரராவார். எதிராளி பதறி வீசுவான், வீசியவன் மாட்டுவான். இங்கானு பதறவில்லை. பாவ்லாவைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். நிலை மாறும் வித்தையை அவரும் திருப்பிக் காட்டினார். கலப்புச் சண்டைக்காரன் காட்டு வீச்சு வீசுவான் என்று எதிர்பார்த்துப் போனால், அவர் குட்டையாக, கணக்காகக் குத்தினார்.

ஃப்யூரியின் இரண்டாவது ஆயுதம் கட்டிப்பிடித்துச் சாய்வது. தன் 120 சொச்சம் கிலோவை எதிராளியின் கழுத்தில் தொங்கவிட்டு, கால் தளரும்வரை இறக்கமாட்டார். வைல்டருக்கு இரண்டாவது, மூன்றாவது சண்டைகளில் கால் போனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதை யாரிடம் காட்டினார் பாருங்கள்! ஆளை ஆள் பிடித்து உருள்வதையே தொழிலாகச் செய்த ஒருவரிடம், அதுவும் தன்னைவிட இரண்டு மூன்று கிலோதான் குறைவாக இருந்தவரிடம். கட்டிப்பிடி இங்கானுவுக்குச் சொந்த வீடு. சாய்ந்து சாய்ந்து களைத்தது ஃப்யூரிதான். இரண்டு ஆயுதமும் மழுங்கிய பிறகு மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டிய இடத்தில், நேரத்தை ஓட்டி, அங்கங்கே ஒரு ஜாப் வைத்து, ரவுண்டுகளைச் சேகரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பரீட்சையில் தெரிந்த இரண்டு மார்க் கேள்விகளை மட்டும் எழுதித் தேறுகிற பையனைப்போல. உடம்பும் மனசும் டிசம்பரில் வருவதாக இருந்த உசிக்கைச் சுற்றிக்கொண்டிருந்தன என்பது என் ஊகம். அது காரணமாக இருக்கலாம். மன்னிப்பாகாது. பத்து ஆண்டுகளில் தனக்கு வாய்த்த மிகக் கடினமான சண்டைகளில் இது ஒன்று என்ற பொருளில் ரிங்கிலேயே ஒப்புக்கொண்டார், அந்த நேர்மைக்கு வேண்டுமானால் அரை மார்க்.

ஜோஷுவா இரண்டே ரவுண்டில் முடித்தாரே என்று கேட்கிறீர்கள். 2024 மார்ச் 8 அன்று முடித்தார், மூன்று முறை விழவைத்தார், அந்த வலதுகைக் குத்தைப் பார்த்து நானும் எழுந்து நின்றேன். ஆனால் ஃப்யூரி ரிங்குக்குள் போகும்போது இங்கானு குத்துச்சண்டை போட்ட காட்சி ஒரு நிமிடம்கூட உலகத்தில் இல்லை. ஜோஷுவா கையில் பத்து ரவுண்டு இருந்தது, ஃப்யூரி காசு கொடுத்து வாங்கிய வினாத்தாள். இதை வைத்துக்கொண்டு 'அ-வை ஆ தோற்கடித்தார், அதனால்' என்று கணக்குப் போட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்போம் தெரியுமா? 1971இல் முகமது அலியை ஜோ ஃப்ரேசியர் தோற்கடித்தார். 1973இல் கென் நார்ட்டன் அலியின் தாடையையே உடைத்துத் தோற்கடித்தார். அந்த ஃப்ரேசியரை ஜார்ஜ் ஃபோர்மன் கிங்ஸ்டனில் ஆறு தடவை விழவைத்து இரண்டே ரவுண்டில் முடித்தார். அந்த நார்ட்டனையும் கரகாஸில் இரண்டே ரவுண்டில் முடித்தார். உங்கள் கணக்குப்படி 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலி செத்திருக்கவேண்டும். எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன். ஜோஷுவாவையே எடுத்துக்கொள்ளுங்களேன். இங்கானுவை இரண்டு ரவுண்டில் முடித்த அதே வருடம் செப்டம்பரில், வெம்ப்ளியில் டேனியல் டுபோவா அவரை ஐந்தாவது ரவுண்டில் படுக்கவைத்தார். அதற்காக டுபோவாவை ஃப்யூரியைவிடப் பெரியவர் என்பீர்களா?

மார்க் போடச் சொன்னால், அன்றைய ஃப்யூரிக்குப் பத்துக்கு நாலு. மேலே சொன்ன அரை மார்க்கைச் சேர்த்தால் நாலரை. இங்கானுவுக்கு ஏழரை. உலகக் குத்துச்சண்டை கவுன்சில் ஒரே ஒரு சண்டைக்காக, அதுவும் தோற்ற சண்டைக்காக, அவரை ஹெவிவெயிட் தரவரிசையில் பத்தாவது இடத்தில் ஏற்றியது. அது கொஞ்சம் அவசரம் என்றாலும் அவர்களும் நான் பார்த்ததைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

'முதல் ஹெவிவெயிட்' என்று எழுதியது கூச்சமாக இல்லையா என்று கேட்டீர்கள். அந்த வரி 2024 மே மாதத்துக்கு முன் வந்தது. மே 18 அன்று அதே ரியாத்தில், ஏழு கிலோ குறைத்துக்கொண்டு, ஒழுங்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்த ஃப்யூரியை உசிக் ஒன்பதாவது ரவுண்டில் கயிற்றோரம் தள்ளாட வைத்து ஜெயித்தார். டிசம்பர் 21 அன்று மூன்று நடுவர்களும் 116க்கு 112 என்று எழுதும்படி மறுபடியும் ஜெயித்தார். ஃப்யூரியை அந்த நாற்காலியிலிருந்து இறக்க ஆதாரம் வேண்டுமென்றால் அது இந்த இரண்டு இரவுகளில் இருக்கிறது. நீங்கள் கொண்டுவந்தது வேறு இரவு. உசிக் பெயரைப் போட்டு அந்த வரியைத் திருத்தி அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.