கேள்வி பதில்: துர்க்குவின் ஸ்வீடிஷ் பத்திரிகை

கேள்வி: பின்லாந்தில் ஸ்வீடிஷ் மொழியில் 200 வருடமாக ஒரு பத்திரிகை வருகிறதாமே? அந்த மொழி பேசுகிறவர்கள் அங்கே கொஞ்சம் பேர்தானே, எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

பதில்: துர்க்கு நகரத்தில் வெளியாகும் 'ஓபூ உண்டரெட்டெல்சர்' பத்திரிகையைச் சொல்கிறீர்கள். துர்க்குவுக்கு ஸ்வீடிஷில் ஓபூ என்று பெயர். 1824 ஜனவரியில் தொடங்கியது. பின்லாந்தில் இன்றும் வெளிவரும் பத்திரிகைகளில் இதுதான் மூத்தது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இது சிறுபான்மையினருக்காக ஆரம்பித்த பத்திரிகையே அல்ல. அப்போது நாடு ஸ்வீடனின் கையிலிருந்து ரஷ்யப் பேரரசின் கீழ் வந்திருந்தாலும் அலுவலகம், நீதிமன்றம், கல்வி எல்லாம் ஸ்வீடிஷில்தான் நடந்தன. 1863-இல் வந்த மொழி ஆணைக்குப் பிறகுதான், பெரும்பான்மையினர் பேசும் ஃபின்னிஷ் மொழி மெல்ல அந்த இடங்களுக்குள் வந்தது. நியாயமாக வர வேண்டிய மொழிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பத்திரிகை இருந்த ஊரிலேயே இருக்க, அதன் வாசகர்கள் சிறுபான்மை ஆகிவிட்டார்கள். இன்று நாட்டு மக்கள்தொகையில் சுமார் 5 சதவீதம்.

நடுவில் 1827 செப்டம்பரில் பெருந்தீ வந்து துர்க்குவின் பெரும்பகுதியை எரித்தது. பல்கலைக்கழகம்கூட ஹெல்சிங்கிக்குப் போய்விட்டது. பத்திரிகை துர்க்குவிலேயே நின்றது.

சட்டத்தின் துணையும் உண்டு. ஒரு நகராட்சியில் சிறுபான்மை மொழி பேசுவோர் 8 சதவீதமோ 3,000 பேரோ இருந்தால் அது இருமொழி நகராட்சி, அதாவது இரண்டு மொழியிலும் மக்களுக்குச் சேவை தர வேண்டும். துர்க்கு அந்த 3,000 கணக்கில்தான் வருகிறது.

கேள்வி: ஸ்வீடனிலிருந்து வரும் பத்திரிகையையே வாங்கிப் படித்துவிடலாமே?

பதில்: முடியாது. இவர்கள் ஸ்வீடனிலிருந்து வந்து குடியேறியவர்கள் அல்ல, பின்லாந்துக்காரர்கள். துர்க்குவுக்குத் தெற்கே பார்கஸ் நகராட்சி இருக்கிறது. அங்கே ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள்தான் பெரும்பான்மை. அங்கிருந்து நாகு தீவுக்குப் போக மஞ்சள் நிறப் படகில் ஏற வேண்டும், கட்டணம் கிடையாது. அந்தப் படகு நேரம் மாறினால் வேலைக்குப் போகிறவர், பள்ளிப் பிள்ளைகள், மருத்துவரைப் பார்க்கப் போகும் பாட்டி என்று எல்லாருடைய நாளும் மாறும். ஸ்டாக்ஹோம் பத்திரிகை இதை எதற்கு எழுதப்போகிறது? தீவுப் பள்ளியை மூடுவதா வேண்டாமா என்று நகராட்சியில் விவாதம் நடந்தால், நிருபர் ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டு, தீவுக்காரர்களின் மொழியிலேயே எழுத வேண்டும். அதற்குத்தான் உள்ளூர்ப் பத்திரிகை வேண்டும் என்கிறேன்.

என் கவலையையும் சொல்லிவிடுகிறேன். 1860-இல் தொடங்கிய போர்வோ நகரத்து ஸ்வீடிஷ் பத்திரிகையும் பக்கத்து லோவிசா பத்திரிகையும் 2015-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. செலவு மிச்சம், சரி. ஒரே மாலையில் இரண்டு ஊரிலும் கூட்டம் நடந்தால் நிருபர் எந்த ஊருக்குப் போவார்?