சந்தா கட்டும் முன் சாலையைப் பாருங்கள்

கேள்வி: வேலை நிமித்தமாக இரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவில் இருக்கிறேன். அண்மையில் வாங்கிய பழைய காரில் சாட்டிலைட் ரேடியோ இருக்கிறது. மூன்று மாத இலவசச் சேவை அடுத்த வாரம் முடிகிறது. சந்தா கட்டச் சொல்லிக் கடிதமும் தொலைபேசி அழைப்பும் வந்தபடி இருக்கின்றன. கைபேசியிலேயே எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது இதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா? பாலத்துக்கு அடியில் போனாலும் பாட்டு அறுபடுவதில்லை. ஆனால் அடித்தள வாகன நிறுத்தத்தில் ஒரு சத்தமும் வருவதில்லை. ஏன்? இந்தியாவில் முன்பு கேட்ட வேர்ல்ட்ஸ்பேஸ் சாட்டிலைட் ரேடியோ போல இதுவும் ஒரு நாள் நின்றுவிடுமா?

பதில்: முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். கைபேசி சிக்னல் எட்டாத சாலையில் உங்கள் கார் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் உங்கள் முடிவில் முக்கால் பங்கு முடிந்த மாதிரி. சேனல் எண்ணிக்கையும் சலுகை விலையும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை. விளம்பரங்களில் இந்தக் கேள்வி மட்டும் இருக்காது.

நெவாடா மாநிலத்தின் குறுக்கே ஓடும் யு.எஸ். 50 நெடுஞ்சாலையை 1986-இல் ‘லைஃப்’ இதழ் அமெரிக்காவிலேயே மிகத் தனிமையான சாலை என்று எழுதியது. ஈலியிலிருந்து ஃபாலன் வரை ஏறத்தாழ 250 மைல். நடுவில் யுரேகா, ஆஸ்டின் என்று இரண்டு சிற்றூர்கள்தாம். அந்தச் சாலையில் நான் போனபோது எஃப்.எம். பொத்தானை அழுத்தினால் எண்கள் 88-இலிருந்து 108 வரை ஓடி, எங்கும் நிற்காமல் மறுபடி 88-க்கே திரும்பின. கைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. மலைக் கணவாய்களில் ஓரிரு முறை தொண்டை அடைத்ததைத் தவிர, சாட்டிலைட் ரேடியோ மட்டும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசிக்கொண்டே வந்தது. இந்தச் சேவை எதற்காகப் பிறந்ததோ அதை அங்கே கண்ணெதிரே பார்க்கலாம்.

எஃப்.எம். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போவது. பூமி வளைந்திருப்பதால், கோபுரம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் நாற்பது, ஐம்பது மைல் தாண்டினால் இரைச்சல்தான். சாட்டிலைட் ரேடியோவின் கோபுரமான செயற்கைக்கோளோ நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பூமி சுற்றும் அதே வேகத்தில் அதுவும் சுற்றுவதால், கீழிருந்து பார்க்கும் நமக்கு வானத்தில் ஓரிடத்தில் அசையாமல் இருப்பதாகத் தெரியும். அமெரிக்காவிலிருந்து பார்த்தால் தெற்கு வானில் இருக்கும். வடக்கே போகப் போக அது அடிவானத்தை நோக்கித் தாழும். அதனால்தான் வட மாநிலங்களில், தெற்குப் பக்கம் உயர்ந்த மரமோ மலைச்சரிவோ இருக்கும் சாலைகளில் ஒலி விட்டு விட்டு வருகிறது.

இதற்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தத் தேர்வில் ஒரு நன்மை இருக்கிறது. வீட்டுக்கூரையில் இருக்கும் டி.டி.எச். கிண்ணம் இதைவிடப் பல மடங்கு உயர்ந்த அலைவரிசையில் வேலை செய்வதால், கனமழை வந்தால் படம் உறைந்துவிடும். ரேடியோவின் அலை மழையைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. இதைத் தடுப்பவை பாறை, கான்கிரீட், அடர்ந்த ஈர இலைகள், ஆண்டெனாவின் மேல் தேங்கிய பனி ஆகியவைதாம். டி.டி.எச். கிண்ணத்தைச் செயற்கைக்கோளை நோக்கித் திருப்பி முடுக்கிவிடலாம். ஓடுகிற காரில் அது நடக்காது. எனவே கூரையின் மேல் சுறாவின் துடுப்புபோல் நிற்கும் அந்தச் சிறிய ஆண்டெனா வானம் முழுவதையும் பார்க்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. எந்தத் திசையையும் குறிப்பாகப் பார்க்காத ஆண்டெனாவுக்கு வந்து சேரும் சக்தி குறைவு. அதை ஈடுகட்ட மிகுந்த சக்தியோடு அனுப்பும் பெரிய செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன.

உங்கள் பாலத்துக்கு வருவோம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் அதுதான். ஒரே நிகழ்ச்சி இரண்டு வழியாக உங்கள் காருக்கு வருகிறது. ஒரு வழியில் வருவது மற்றொன்றைவிட ஏறக்குறைய நான்கு விநாடி தாமதமாக வரும்படி வேண்டுமென்றே அனுப்புகிறார்கள். முன்னால் வருவதைக் கருவி தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, நான்கு விநாடி கழித்தே உங்களுக்குக் கேட்கத் தருகிறது. பாலத்துக்கு அடியில் கார் நுழைந்ததும் இரண்டு வழியும் ஒரு கணம் மறைகின்றன. அந்தக் கணத்துக்கான ஒலி கருவியிடம் முன்பே வந்து சேர்ந்திருப்பதால் உங்கள் காதுக்கு எதுவும் தெரிவதில்லை. மறைந்தபோது தவறிய பகுதியோ, பாலத்தைத் தாண்டிய பின் தாமத வழியில் மறுபடி வந்து சேர்கிறது. மணிக்கு 60 மைல் வேகத்தில் நான்கு விநாடி என்றால் நூறு மீட்டருக்குச் சற்று அதிகம். மேம்பாலங்கள் அவ்வளவு அகலமாக இருப்பது அரிது. அதே பாலத்துக்கு அடியில் நெரிசலில் மாட்டி நின்றுபாருங்கள்: நான்கு விநாடி பாடும், பிறகு அடங்கிவிடும்.

உயர்ந்த கட்டடங்கள் நிறைந்த பெருநகரங்களில் வானமே நாடா அளவுக்குத்தான் தெரியும். அங்கே இந்தத் தந்திரம் போதாது. அதனால் நகரங்களில் தரைக் கோபுரங்களையும் நிறுவி அதே நிகழ்ச்சிகளை மறு ஒலிபரப்புச் செய்கிறார்கள். செயற்கைக்கோள், தரைக் கோபுரம் இரண்டில் எது நன்றாக வருகிறதோ அதைக் கருவி எடுத்துக்கொள்ளும். அடித்தள வாகன நிறுத்தத்துக்குள் இரண்டுமே நுழைவதில்லை, அங்கே மௌனம்தான். உங்கள் கருவியில் பழுது எதுவும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும். இது ஒருவழிப் பாதை. யார் கேட்கிறார்கள் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. உங்கள் கார் அதனிடம் எதுவும் சொல்வதுமில்லை. அப்படியானால் சந்தா கட்டாதவரை எப்படி நிறுத்துகிறார்கள்? ஒலி முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டு வருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. ‘இந்தக் குறியுள்ள கருவிக்குத் திற’, ‘இந்தக் குறிக்கு மூடு’ என்ற கட்டளைகளும் நிகழ்ச்சிகளோடு கலந்து வானிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் கார் அணைந்திருந்தால் அந்தக் கட்டளை வந்தது தெரியாது. பணம் கட்டிய பிறகும் பாட்டு வரவில்லை என்று தவிப்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, ரேடியோவை இயக்கி வைத்துக்கொண்டு, இந்தச் சேவையை நடத்தும் சிரியஸ் எக்ஸ்.எம். நிறுவனத்தின் இணையதளத்தில் சிக்னலைப் புதுப்பிக்கக் கேளுங்கள். கால் மணி நேரம் பொறுத்திருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்தக் குறியைப் பார்க்க, பல கார்களில் சேனல் 0-க்குப் போனால் போதும், திரையில் வந்துவிடும். எக்ஸ்.எம். வகைக் கருவியானால் எட்டு இடங்கள், சிரியஸ் வகையானால் பன்னிரண்டு இலக்கங்கள். எட்டு இடக் குறியில் எண்ணும் எழுத்தும் கலந்திருக்கும். ஐ, ஓ, எஸ், எஃப் ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வருவதில்லை. ஆகவே வட்டமாகத் தெரிந்தால் பூஜ்யம், வளைந்து தெரிந்தால் ஐந்து என்று துணிந்து எழுதிக்கொள்ளலாம். ஒரு கைபேசிப் படமும் எடுத்து வையுங்கள்.

இரண்டு வகைக் கருவிகள் ஏன் இருக்கின்றன என்றால், தொடக்கத்தில் நிறுவனங்களே இரண்டு. 1997-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் இரண்டு உரிமங்களை ஏலம் விட்டது. எக்ஸ்.எம். 2001 செப்டம்பரிலும், சிரியஸ் 2002-இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. போட்டி போட்டுக் கடனில் மூழ்கிய இரண்டும் 2008 ஜூலையில் ஒன்றாயின. எனவே ‘எந்த நிறுவனம்’ என்ற தேர்வு இன்று உங்களுக்கு இல்லை, சிரியஸ் எக்ஸ்.எம். ஒன்றுதான். தேர்வு திட்டங்களுக்கு இடையிலும், செயற்கைக்கோளுக்கும் செயலிக்கும் இடையிலும்தான் இருக்கிறது.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாக நகருக்குள் மட்டும் கார் ஓட்டுகிறீர்கள் என்றால், சந்தா வேண்டாம். நடுத்தரத் தரத்தில், அதாவது விநாடிக்கு 128 கிலோபிட் அளவில், ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்க ஏறத்தாழ 58 மெகாபைட்தான் செலவாகும். இன்றைய கைபேசித் திட்டங்களுக்கு அது பொருட்டே இல்லை. ஒலித் தரத்திலும் கைபேசியே மேல். செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சேனல்களை அடைக்க வேண்டியிருப்பதால் ஒலியை நன்றாகச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். ஜால்ராவின் கிண்கிணியையும் வயலினின் மேல் ஸ்தாயியையும் கூர்ந்து கேட்பவர்களுக்கு அந்த இழப்பு தெரியும். பேச்சு நிகழ்ச்சிகளுக்கு அது ஒரு குறையே இல்லை.

தமிழ்ப் பாட்டுக்காக என்றாலும் வேண்டாம். இந்தச் சேவை அமெரிக்கக் கேட்பாளரை மனத்தில் வைத்து உருவானது. அதன் பலம் விளையாட்டு நேரடி ஒலிபரப்பு, செய்தி, பேச்சு, மேற்கத்திய இசை வகைகள். நெடும்பயணத்துக்கு முந்திய இரவில், வீட்டு வைஃபையில் உங்களுக்குப் பிடித்த பாட்டுகளைக் கைபேசியில் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இளையராஜாவும் ரகுமானும் சிக்னல் இல்லாத பாலைவனத்திலும் கூடவே வருவார்கள்.

மாதம் இரண்டு மூன்று முறையாவது மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர், லாரி ஓட்டுபவர், மலைப்பகுதியில் வசிப்பவர், கால்பந்து ஆட்டத்தை விடாமல் கேட்க வேண்டும் என்பவர் என்றால் கட்டாயம் எடுங்கள். அப்போதும் கேட்கும் சேனல்களை ஒரு வாரம் குறித்து வையுங்கள். பெரும்பாலானவர்களின் பட்டியல் ஏழெட்டைத் தாண்டாது. அவை எந்தச் சிறிய திட்டத்தில் அடங்குகின்றனவோ அதை வாங்குங்கள். கைபேசிச் செயலியும் சேர்ந்த திட்டமா, காருக்கு மட்டுமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய கார்களில் 360எல் என்ற வகைக் கருவி வருகிறது. அது செயற்கைக்கோளையும் இணையத்தையும் சேர்த்துப் பயன்படுத்தும். உங்கள் பழைய காரில் அது இல்லாவிட்டால் அதற்கான வசதிகளைக் காட்டி விற்கும் விலையுயர்ந்த திட்டத்தால் உங்களுக்குப் பயனில்லை.

விலையில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். விளம்பரத்தில் இருப்பது முதல் விலை. சலுகைக் காலம் முடிந்ததும் தானாகவே பிடிக்கப்படுவது இரண்டாம் விலை. அது இரண்டு மடங்கையும் தாண்டலாம். இவற்றுக்கு மேல் ‘இசை உரிமைத் தொகை’ என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். அது அரசு வரி அன்று, நிறுவனமே விதிப்பது. திட்டத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக அது இருந்ததுண்டு. ஆகவே தொலைபேசியில் பேசும்போது ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “எல்லாக் கட்டணமும் வரியும் சேர்த்து இன்று என் கார்டிலிருந்து எவ்வளவு எடுப்பீர்கள், சலுகை முடிந்த பிறகு எவ்வளவு எடுப்பீர்கள்?” இரண்டு எண்களையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

சந்தாவை நிறுத்துவது எளிதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். வேண்டுமென்றே இழுத்தடிக்கும் நடைமுறை என்று குற்றஞ்சாட்டி நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2023 டிசம்பரில் இந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். நிறுத்தும் நடைமுறை கூட்டாட்சிச் சட்டத்தை மீறுகிறது என்று 2024 நவம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். கார்டு எண் கொடுக்காமல் தொடங்கிய உங்கள் இலவசச் சேவை தானாகவே முடிந்துபோகும். எனவே முடிவெடுக்கும் வரை கார்டு எண்ணைச் சொல்லாதீர்கள். அவசரப்படவும் தேவையில்லை: இலவசக் காலம் முடிந்த பிறகு வரும் சலுகைகள் பெரும்பாலும் முன்னதைவிட மலிவாகவே இருக்கும்.

கடைசியாக, வேர்ல்ட்ஸ்பேஸ். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கும் மனம் கனக்கிறது. 2000 மார்ச்சில் ஏவப்பட்ட ஆசியாஸ்டார் செயற்கைக்கோளை நோக்கிச் சன்னலில் தட்டையான ஆண்டெனாவைத் திருப்பி வைத்து, இரைச்சலே இல்லாமல் நாள் முழுவதும் தமிழ்ப் பாட்டுக் கேட்ட வீடுகள் எத்தனையோ. 2008 அக்டோபரில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியச் சேவை நின்றது. வீட்டுக்குள்ளிருந்து சாலைக்கு அது வரவே இல்லை. சந்தாதாரர்களின் எண்ணிக்கையும் செயற்கைக்கோள் செலவுக்கு ஈடாகவில்லை. சிரியஸ் எக்ஸ்.எம்.-இன் நிலை வேறு. தொழிற்சாலையிலேயே காருக்குள் பொருத்தப்பட்டு வருகிறது. 2020 டிசம்பரில் ஏவிய செயற்கைக்கோள் சோதனையிலேயே பழுதானபோதும் பழைய செயற்கைக்கோள்கள் தாங்கிக்கொண்டதால் சேவை நிற்கவில்லை. அதற்குப் பின் 2021 ஜூனிலும், 2024 டிசம்பரிலும், 2025 ஜூனிலும் புதியவற்றை ஏவியிருக்கிறார்கள். இவை பதினைந்து ஆண்டுகள் உழைப்பதற்கென்று செய்யப்படுபவை. உங்கள் காரின் ஆயுளுக்குள் வானம் மௌனமாகிவிடும் என்று நான் அஞ்சவில்லை.

ஆனால் உங்கள் சந்தா காரிலுள்ள அந்தக் குறியோடு கட்டப்பட்டது. நாளை காரை விற்றாலும் உங்கள் கார்டிலிருந்து பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். சாவியைக் கொடுப்பதற்கு முன் அழைத்து நிறுத்துங்கள், அல்லது புதிய காரின் குறிக்கு மாற்றச் சொல்லுங்கள். உறுதிப்படுத்தும் எண்ணை வாங்கி, முன்பு எடுத்த அந்தக் கைபேசிப் படத்தோடு சேர்த்து வையுங்கள்.