புற்றுநோய் உள்ள அப்பாவுக்கு பேலியேட்டிவ் கேர் (வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பு) எழுதிக் கொடுத்தால், டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றா அர்த்தம்?

நிச்சயமாக இல்லை. புற்றுநோய்க்கான சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே இதையும் தொடங்கலாம். சீக்கிரம் தொடங்குவதே நல்லது. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, வீட்டாரின் பயம் எல்லாமே பேலியேட்டிவ் கேர் குழுவினர் பார்க்கும் வேலைதான்.

மார்ஃபின் என்ற வலி மருந்துக்கு அடிமையாகிவிடுவாரோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். சாதாரண மார்ஃபின் மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி திரும்புமுன்பே கொடுக்க வேண்டும். பல வீடுகளில் துடிக்க ஆரம்பித்த பிறகுதான் கொடுக்கிறார்கள், பாவம். மலச்சிக்கல் வரும்; அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். அப்புறம், புற்றுநோய்ப் புண்ணில் நாற்றம் இருந்தால் கூச்சப்படாமல் நர்ஸிடம் சொல்லுங்கள். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவியே அதைப் பெருமளவு அடக்குவார்கள். பேரப்பிள்ளைகள் தாத்தா பக்கத்தில் உட்கார முடிவது சின்ன விஷயமில்லை.

வீடு தேடிச் சென்று பார்ப்பதில் கேரளம் முன்னோடி. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய முயற்சி, 2008-இல் மாநிலக் கொள்கையாகவே ஆனது. தமிழ்நாட்டில் 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இந்தச் சேவை உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள்.