லாபம் கூடியும் பங்கு இறங்கியது ஏன்?

கேள்வி: காலை நடைக்கு வரும் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஐ.டி. பங்குகளைப் பற்றித் தினமும் விவாதிக்கிறோம். ஒரு நிறுவனத்தின் காலாண்டு நிகர லாபம் 9 சதவீதம் கூடியதாக அறிவிப்பு வந்தது; மறுநாளே பங்கு விலை 6 சதவீதம் இறங்கியது. சந்தைக்குப் புத்தியில்லை, வாங்கிப்போட இதுதான் சமயம் என்கிறார்கள் நண்பர்கள். என் பணிக்கொடையிலிருந்து 3 லட்சம் ரூபாய் போடலாமா?
– ஓய்வுபெற்ற வாசகர், நங்கநல்லூர்

பதில்: உங்கள் ஏழெட்டுப் பேரில் அந்த அறிக்கையைத் திறந்து படித்தவர் எத்தனை பேர்? கடிதத்தில் நீங்கள் தந்திருக்கும் இரண்டு சதவீதங்களும் செய்தித் தலைப்பிலேயே வந்துவிடுபவை. முழு அறிக்கையோ பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் எவரும் காசில்லாமல் படிக்கும்படி கிடைக்கிறது.

அந்த 9 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். நம் ஐ.டி. நிறுவனங்களுக்கு வருவாயின் பெரும்பகுதி டாலரில் வருகிறது, சம்பளச் செலவில் பெரும்பங்கு ரூபாயில் போகிறது. ஆகவே ரூபாயின் மதிப்பு சரிந்தால், புதிதாக ஒரு வாடிக்கையாளர்கூடச் சேராமலே லாபம் கூடிவிடும். இதற்காகத்தான் நாணய மாற்றத்தின் பாதிப்பை நீக்கிய வளர்ச்சியைத் தனியே சொல்கிறார்கள். வட்டியும் சொத்து விற்பனையும் சேரும் 'இதர வருமானம்' எவ்வளவு என்பதையும் பாருங்கள். இவை தவிர, முடிந்துபோன மூன்று மாதங்களைவிட வரப்போகும் மாதங்களுக்கே சந்தை விலை வைக்கிறது. ஆண்டு வருவாய் பற்றிய தன் மதிப்பீட்டை நிறுவனம் குறைத்துக்கொண்டால், லாபம் கூடிய நாளிலும் பங்கு இறங்கும். அதைப் புத்தியின்மை என்று சொல்ல முடியாது.

லாப எண்ணை மட்டும் நம்பியவர்களுக்கு நேர்ந்ததைச் சத்யம் என்ற ஐ.டி. நிறுவனத்தில் பார்த்தோம். 2008 செப்டம்பர் காலாண்டுக்கு அது காட்டிய வருவாய் 2,700 கோடி ரூபாய், செயல்பாட்டு லாபம், அதாவது தொழிலை நடத்தியதில் கிடைத்த லாபம், 649 கோடி. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தின்படி, உண்மையான லாபம் 61 கோடிதான். கணக்கில் இருந்ததாகக் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை. அன்று ஒரே நாளில் பங்கு முக்கால் பங்குக்கும் மேல் மதிப்பிழந்தது. போலி ரொக்கத்தைச் சிறு முதலீட்டாளர் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று வாரம் முன்னதாக, டிசம்பர் 16 அன்று, ராஜுவின் குடும்பத்தாருக்குரிய மேட்டாஸ் நிறுவனங்கள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் பகிரங்கமாகவே அறிவித்தது. முதலீட்டாளர்களின் எதிர்ப்பால் சில மணி நேரத்தில் அந்த முடிவைக் கைவிட்டது. மென்பொருள் நிறுவனம் தன் தலைவருடைய குடும்பத்தின் நில, கட்டுமான நிறுவனங்களை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்க, எந்தக் கணக்குப் படிப்பும் தேவைப்படவில்லை.

பணிக்கொடை என்பது மருத்துவத்துக்கும் மூப்புக்கும் உங்களிடம் இருக்கும் காவல். அதிலிருந்து 3 லட்சத்தை எடுத்து ஒரே பங்கில், அதுவும் நடைப் பேச்சை நம்பிப் போட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத வேறு பணம் இருந்தால், அந்த நிறுவனத்தின் கடைசி நான்கு காலாண்டு அறிக்கைகளையும் ஆண்டறிக்கையில் உள்ள பணப்புழக்க அறிக்கையையும் அச்செடுத்து, நாளைக் காலை நண்பர்களிடமும் ஆளுக்கொன்று கொடுங்கள். லாபமாகக் காட்டிய தொகை ரொக்கமாக வந்து சேர்ந்ததா என்று சேர்ந்து பார்த்துவிட்டு, கண்டதை எனக்கு எழுதுங்கள்.